என்ஜின் நல்லாத்தான் இருக்கு, பெல்லுதான் வரல

கோலார் தங்கவயல் என்று சொன்னால் இப்போதெல்லாம் எல்லோரும் ஒரு சினிமாவைத்தான் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் என் அலுவலக நண்பர் ஒருவர், "உங்க ஊர்ல எல்லாரும் தாடியோட சுத்தியலத் தூக்கிட்டுத் திரிவாங்களா?" என்று கேட்டார். இல்லை ஐயா, எங்கள் ஊரில் பெரும்பாலும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள்தான் :-)

இந்தப் பதிவு தங்கத்தைப் பற்றியது இல்லை, மூளையைப் பற்றியது. ஆனால் சுரங்கம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

பெல் அடிக்கும் ஊர்

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் எங்கள் ஊர் ஊரானது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர்கள் கூட்டம் கூட்டமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கங்களை 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசிடம் போனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிருந்தது.

அவ்வளவு ஆழத்துக்கு ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் கேஜ் என்கிற கூண்டு. அதை இழுப்பது மேலே உள்ள வைண்டிங் என்ஜின். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என்ஜின் டிரைவர் கேஜைப் பார்க்க முடியாது. கேஜ் எங்கே நிற்கிறது என்று காட்டும் முள் ஒன்று அவர் எதிரில் இருக்கும், அவ்வளவுதான். எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது, எப்போது நிறுத்துவது எல்லாமே பெல் சொல்வதுதான். ஒரு பெல்லுக்கு ஒரு அர்த்தம், இரண்டு பெல்லுக்கு வேறு அர்த்தம். பெல் வரவில்லையென்றால் டிரைவர் கை லீவரைத் தொடாது.

என் சித்தப்பா இந்த வேலைதான் பார்த்தார். 2019-ல் ஒரு நாள் காலையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. கை வரவில்லை. நான் லீவு போட்டு ஊருக்குப் போனபோது, மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னது இது: "என்ஜின் நல்லாத்தான்டா இருக்கு. பெல்லுதான் வரல."

பின்னால் எத்தனையோ கட்டுரைகள் படித்தேன். பக்கவாதம் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. தசை கெட்டுப்போகவில்லை. "கையைத் தூக்கு" என்கிற எண்ணமும் போகவில்லை. நடுவில் இருக்கும் கம்பி அறுந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, அந்த இடத்து நரம்பணுக்கள் சாகின்றன. கட்டளை போகும் பாதை அங்கே துண்டாகிறது.

அதற்குச் சில மாதம் கழித்து, மெல்பர்னில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். தலையில் தொப்பி, கையில் மோட்டார் வைத்த உறை. நோயாளி நினைக்கிறார், கை விரிகிறது. "அண்ணா, இத அப்பாவுக்கு வாங்கிடலாமா? எவ்ளோ ஆனாலும் பரவால்ல." இந்தக் கேள்வி உங்களில் பலர் வீட்டுக்கும் வந்திருக்கும், அல்லது வரும். நான் பி.காம். படித்து வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கிறவன், டாக்டர் இல்லை. அதனால் கடன் ஃபைலைப் படிக்கிற மாதிரியே இந்த விஷயத்தின் வரலாற்றையும் கணக்கையும் படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டார்ச் பேட்டரியில் லட்சத்தில் சில பங்கு

மூளைக்குள் மின்சாரம் ஓடுகிறது என்பது பழைய செய்தி. மனிதத் தலையிலிருந்து அதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. ஐந்து வருடம் யாரிடமும் அதிகம் சொல்லாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, 1929-ல்தான் வெளியிட்டார். இன்று நாம் ஈ.ஈ.ஜி. என்று சொல்லும் பரிசோதனை அதுதான்.

அந்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? ஒரு டார்ச் பேட்டரி 1.5 வோல்ட். தலைத்தோல் மேல் கிடைக்கும் மூளை அலை அதில் லட்சத்தில் சில பங்குதான். கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், தசை எழுப்பும் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரு டன் பாறையை உடைத்து, அரைத்து, சயனைடில் கரைத்து, கடைசியில் சில கிராம் தங்கம் எடுத்த ஊர் அது. மிச்சமெல்லாம் இன்றும் சயனைடு மேடாக நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. 1965-ல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, எங்கள் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களைப் பிடித்தார்கள். ஏன் அவ்வளவு கீழே? மேலே இருக்கும் மற்ற துகள்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும் என்பதால். மெல்லிய சத்தம் கேட்க வேண்டுமென்றால் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போக வேண்டும்.

மூளை விஷயத்தில் நிலைமை தலைகீழ். நாம் கேட்க விரும்பும் சத்தம் உள்ளே, நாம் வெளியே, நடுவில் மண்டை ஓடு. அதனால் ஆராய்ச்சி இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று, மண்டையைத் திறந்து எலக்ட்ரோடை உள்ளேயே வைப்பது. 2004-ல் அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மேத்யூ நேகில் என்ற இளைஞருக்கு இப்படி வைத்தார்கள். அவர் நினைத்தே கணினியின் சுட்டியை நகர்த்தினார், அது 2006-ல் கட்டுரையாக வந்தது. இன்னொன்று, அறுவை சிகிச்சை வேண்டாம், தொப்பி போதும், இரைச்சலைக் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்வோம் என்பது. பக்கவாத மறுவாழ்வில் இதுவரை பெரும்பாலும் நடந்திருப்பது இந்தத் தொப்பி வழிதான்.

தொப்பி வழிக்கு அடித்தளம் 1950களில் பிரான்சில் ஆன்றி கஸ்டோ கவனித்த ஒரு விஷயம். கை அசையாமல் இருக்கும்போது, மூளையில் கைக்கான பகுதியின் மேல் ஒரு சீரான அலை ஓடிக்கொண்டிருக்கும். கையை மூடினால் அந்த அலை அடங்கிவிடும். கையை மூடுவதாக நினைத்தாலே அடங்கும்! அதாவது பெல் அடிப்பது வெளியே கேட்கிறது. 1973-ல் கலிபோர்னியாவின் ழாக் விடால், இப்படிப்பட்ட சமிக்ஞையை நேரே கணினிக்குக் கொடுத்தால் என்ன என்று எழுதினார். மூளை-கணினி இணைப்பு என்ற சொல்லே அவர் கொடுத்ததுதான். 1999-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில் நீல்ஸ் பிர்பாமர் குழு, உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களை மூளை அலையால் எழுத்துக்கூட்டி எழுத வைத்தது.

மாற்று வழியா, மறுபடி பழக்குவதா?

இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறோம். மேலே சொன்னதெல்லாம் மாற்று வழி. அறுந்த கம்பி அறுந்தபடியே இருக்கும், கணினி அதைச் சுற்றிக்கொண்டு போகும். இயந்திரத்தைக் கழற்றினால் பழைய கதைதான். பக்கவாத மறுவாழ்வுக்கு வேண்டியது வேறு. சில வாரம் இயந்திரத்தோடு பழக வேண்டும், பிறகு இயந்திரத்தைக் கழற்றினாலும் கை கொஞ்சமாவது தானாக அசைய வேண்டும்.

அது எப்படி முடியும்? கம்பி முழுக்க அறுவது அபூர்வம். சில இழைகள் மிச்சமிருக்கும், சும்மா கிடக்கும் வேறு பாதைகளும் உண்டு. "தூக்கு" என்று நினைக்கும் அதே கணத்தில் கை தூக்கப்பட்டு, அந்த உணர்வு மூளைக்குத் திரும்பிப் போனால், சேர்ந்து வேலை செய்யும் நரம்பணுக்களின் இணைப்பு பலப்படும். கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-லேயே சொன்ன தத்துவம் இது. முக்கியம் என்ன என்றால், பெல்லும் அசைவும் ஒரே நேரத்தில் வர வேண்டும். பெல் அடித்து அரை மணி கழித்துக் கேஜ் நகர்ந்தால் யார் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

இடையில் கொஞ்சம் வேலூர்

மூளை மறுபடி கற்றுக்கொள்ளும் என்பதை வெளிநாட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தங்கவயலில் இருந்து நூறு கிலோமீட்டர் வாக்கில் வேலூர். எங்கள் பாட்டன்மார் வந்த திசையும் அதுதான், பெரிய வியாதி என்றால் நாங்கள் ரயில் ஏறும் திசையும் அதுதான்.

அங்கே சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் நல்ல தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினார். அதோடு வேலை முடியாது. ஒரு விரலுக்கென்று இருந்த தசையை இன்னொரு விரலுக்குப் பயன்படுத்த நோயாளி வாரக்கணக்கில் பழக வேண்டும். பழகினார்கள். அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையைத் தொடங்கினார். அவர் பாடுபட்ட மறுவாழ்வு மையம் 1966-ல் திறக்கப்பட்டது.

நம் ஆட்களில் இன்னொருவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு 1990களில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்தார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். முதலில் கை இழந்தவர்களின் வலிக்குச் செய்தது. 1999-ல் அவர் குழு ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் அதையே முயன்று பார்த்தது. 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கண்ணாடிப் பயிற்சி கை அசைவுக்கு உதவுகிறது என்றது. செலவு? ஒரு கண்ணாடி.

இனி கணக்கு

கையின் முன்னேற்றத்தை அளக்க ஃபியூகல்-மேயர் என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முழுக்கைக்கு 66 மதிப்பெண். பழைய பக்கவாதத்தில் ஐந்து மதிப்பெண் அளவுக்கு ஏறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது பொதுவான கணிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2008: பக்கவாதம் வந்து நாளான எட்டுப் பேர். மூளை அலையால் கைக்கருவியை இயக்கப் பெரும்பாலோர் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கருவி இல்லாமல் கை செயல்பாட்டில் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை.

2013: ட்யூபிங்கனில் 32 பேர், பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நினைத்தபோது கருவி கையை நகர்த்தியது. மறுபாதிக்கும் கருவி நகர்த்தியது, ஆனால் நினைப்புக்குச் சம்பந்தமில்லாமல். இரண்டு பாதிக்கும் அதன் பிறகு பிசியோதெரபி உண்டு. நினைப்போடு நகர்ந்த பாதி சராசரியாக 3.4 மதிப்பெண் ஏறியது, மற்றது ஏறவில்லை. பெல்லும் அசைவும் சேர வேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி.

நான் இருக்கும் சிங்கப்பூரிலேயே ஆங் கை கெங், குவான் சுன்டாய் குழு செய்தது எனக்குப் பிடித்த ஆய்வு. முதலில், இந்தத் தொப்பியைப் பக்கவாத நோயாளிகளால் பயன்படுத்தத்தான் முடியுமா என்று 54 பேரிடம் பார்த்தார்கள். 48 பேரால் முடிந்தது. மூளை அடிபட்டவருக்கு மூளை அலையா என்ற சந்தேகம் இதில் பெரும்பாலும் தீர்ந்தது. பிறகு ரோபோ கையோடு ஒப்பிட்டார்கள். வெறும் ரோபோ பயிற்சியில் ஒரு அமர்வுக்குச் சுமார் 1,040 தடவை கை நகர்ந்தது. மூளை அலையோடு சேர்ந்ததில் வெறும் 136 தடவை. கடைசியில் இரண்டு குழுவுக்கும் முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். "எட்டில் ஒரு பங்கு உழைப்பில் அதே பலன்" என்று நிறுவனம் விளம்பரம் போடும். "அதே பலனுக்கு இத்தனை விலைத் தொப்பி எதற்கு?" என்று வங்கிக்காரன் கேட்பான் :-)

2018: சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று 27 பேரிடம், நினைப்பு வந்ததும் தசைக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. 6.6 மதிப்பெண் ஏற்றம். சம்பந்தமில்லாமல் தூண்டப்பட்டவர்களுக்கு 2.1.

2021: அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. அடிபடாத பக்கத்து மூளையிலிருந்து சமிக்ஞை எடுத்துக் கையை விரிப்பது அது.

2024: சீனாவில் 17 மருத்துவமனைகள், 296 நோயாளிகள், எல்லோரும் பக்கவாதம் வந்து அதிக நாள் ஆகாதவர்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, தொப்பிப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள் சுமார் 3.4 மதிப்பெண் அதிகம் ஏறினார்கள்.

நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆஷிஷ் தத்தா, வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரிஜேஷ் பிரசாத், இருவரும் பல வருடம் சேர்ந்து உழைத்து, மூளை அலையால் இயங்கும் கை எலும்புக்கூட்டுக் கருவியைச் செய்திருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம் என்று செய்தி வந்தது. சோதித்தது எட்டுப் பேரிடம். எண்ணிக்கை பெருகட்டும். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்ற சிறிய கை ரோபோவைச் செய்திருக்கின்றன. அதில் மூளைத் தொப்பி கிடையாது. மேசை மேல் வைத்து, கணினி விளையாட்டு ஆடியபடியே மணிக்கட்டையும் விரலையும் பழக்கலாம். நம் ஊர்ப் பணத்துக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தது.

கடன் அதிகாரியின் குறிப்பு

ஃபைலை மூடும் முன் என் குறிப்பை எழுத வேண்டுமல்லவா? இந்தத் துறை பொய்யில்லை. வாய்தா கேட்டு ஏமாற்றும் கேஸ் இல்லை. ஆனால் கிடைக்கும் லாபம் இன்றைக்கு நாலைந்து மதிப்பெண். அதுவும் பிசியோதெரபியோடு சேர்த்துத்தான், தனியாக இல்லை. சித்தப்பா போல விரலே அசையாதவர்களுக்குத்தான் இதன் நியாயம் அதிகம், ஏனென்றால் அசைவு கொஞ்சமாவது உள்ளவர்களுக்கு மலிவான பயிற்சிகளே நிறைய உண்டு.

அதனால் யாராவது "மூளை மெஷின்" என்று லட்சக்கணக்கில் கேட்டால், மூன்றே கேள்வி கேளுங்கள். மெஷினோடு தினமும் பிசியோதெரபி உண்டா? எத்தனை அமர்வு, அதற்கு முன்னும் பின்னும் மதிப்பெண் எடுத்து எழுத்தில் கொடுப்பீர்களா? கருவியைக் கழற்றிய பிறகு என்ன மிச்சம் என்று எப்போது பார்ப்பீர்கள்? ஊரில் ஓர் இடத்தில் போனில் நானே இதைக் கேட்டேன். முதல் கேள்விக்கே பதில் வராமல், "சார், ஈ.எம்.ஐ. வசதி இருக்கு" என்றார்கள். என்னிடமே ஈ.எம்.ஐ.! பெயர் வேண்டாம், விடுங்கள்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: "அந்தப் பணத்துல, வீட்டுக்கு வந்து பண்ற பிசியோவ ஒரு வருஷத்துக்குப் பேசு. ஒரு கண்ணாடி வாங்கு. சித்திக்கு ஒத்தாசையா ஒரு ஆள் போடு." அப்படியே செய்தான். சித்தப்பா இப்போது கோலூன்றி நடக்கிறார். வலது கை டம்ளரை அணைத்துப் பிடிக்கும், விரல் பிரியாது. தொப்பி மலிவாகி, ஆய்வுகளும் பெருகி, அவர் பக்கத்தில் கிடைக்கும் நாள் வந்தால் முதல் ஆளாக நானே பணம் கட்டுவேன்.

பணம் இருந்தாலும் இடம் வேண்டுமே என்பதுதான் என் கவலை. சுரங்கம் ஓடிய காலத்தில் எங்களுக்கு மைன்ஸ் ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கம் மூடியதும் அதுவும் ஒடுங்கிவிட்டது. படித்த பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறார்கள், என்னைப் போன்றவர்கள் கடல் தாண்டிவிட்டோம். லைன் வீடுகளில் வயதானவர்கள்தான் மிச்சம். 2022-ல் நிம்ஹான்ஸும் கர்நாடக அரசும் மூளை நலத்துக்கென்று ஒரு திட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. இது உண்மையிலேயே நல்ல செய்தி. அது தாலுகா தாண்டித் தெருவரைக்கும் வர வேண்டும்.

1902-ல் இந்தியாவில் பெரும்பாலான ஊர்கள் பார்த்திராத மின்சாரம் எங்கள் ஊருக்கு வந்தது. 1965-ல் உலகமே திரும்பிப் பார்த்த கருவிகள் எங்கள் பாறைக்குள் இறங்கின. அப்போதெல்லாம் பூமிக்கடியில் தங்கம் இருந்தது, அல்லது ஆழம் இருந்தது. இப்போது அங்கே இருப்பது அந்தத் தங்கத்தை எடுத்துக் கொடுத்தவர்களின் வயதான உடம்புகள். அவர்களுக்காகவும் ஒரு கருவி அதே ரயில் பாதையில் வருமா என்பதுதான் என் கேள்வி.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஊரில் அப்பா அம்மா இருந்தால் இன்று போன் போட்டு பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எந்த வண்டி, யார் ஓட்டுவது, எந்த ஊர் என்பதை இன்றே பேசி முடிவு செய்து, அந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.